புதுசா வந்த நாய்க்குட்டி நம்மள நம்பணும்னா என்ன பண்ணணும்

சுண்டல் எங்க வீட்டுக்கு வந்தது ஒரு நவம்பர் மாசம். ரெண்டு நாளா விடாத மழை, பெரம்பூர்ல எங்க தெரு முழுக்க கணுக்கால் வரைக்கும் தண்ணி, கீழ பார்க்கிங்ல நிக்கிற காருக்கு அடியில இருந்து கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம். வாட்ச்மேன் அண்ணன்தான் டார்ச் அடிச்சுப் பாத்து தூக்கிட்டு வந்தாரு. நாட்டு நாய்க்குட்டி, செம்பட்டையும் வெள்ளையுமா, துண்டுல சுத்துனா மூக்கு மட்டும்தான் வெளிய தெரியும். தாய் நாய தெரு தெருவா தேடிப் பாத்தோம், கிடைக்கல. அப்புறம் நாமளே வச்சுக்கலாம்னு முடிவாச்சு.

அன்னைக்கு நாங்க பண்ணுனது எல்லாமே பாசத்துல பண்ணுனதுதான், ஆனா அத்தனையும் தப்பு. தொடச்சு விட்டோம், ஆளாளுக்கு மடியில வாங்கி வச்சுக்கிட்டோம், தாம்பரத்துல இருக்கிற பெரியம்மாவுக்கு வீடியோ கால் போட்டு காட்டுனோம், பக்கத்து ஃபிளாட்டு பசங்க நாலு பேரு வந்து "ஆன்ட்டி ஒரே ஒரு தடவ"ன்னு தூக்கிக்கிட்டாங்க, எதுத்த வீட்டு அக்கா பால் கொண்டாந்தாங்க. ராத்திரி எட்டு மணிக்கு யாரோ கைய மாத்துறப்ப நழுவி ஓடி பீரோவுக்கு அடியில போய் பூந்துக்கிச்சு. அவ்ளோதான். கூப்புட்டா வரல, சோறு காட்டுனாலும் வரல, கை நீட்டுனா சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு உடம்பெல்லாம் நடுங்குது. நாங்க எல்லாரும் படுத்தப்புறம் வந்து தட்ட காலி பண்ணிட்டு மறுபடியும் அதே எடத்துக்குப் போயிடுச்சு.

மறுநாள் மத்தியானம் வீட்டுல யாரும் இல்ல, நான் முருங்கக்கீரை ஆய உக்காந்தேன். பீரோவுல இருந்து நாலடி தள்ளி தரையில, முதுக அது பக்கம் காட்டி. முருங்கக்கீரை ஆயுறது எவ்ளோ நேரம் இழுக்கும்னு உங்களுக்கே தெரியும். அரை மணி நேரம் ஆயிருக்கும், குதிகால்ல சில்லுனு ஈரமா ஏதோ பட்டுச்சு. மூக்கு. எனக்கு அப்படியே திரும்பி அள்ளிக்கணும்போல இருந்துச்சு, ஆனா காலையில வெட் டாக்டர் போன்ல "அதுவா வர்ற வரைக்கும் கை வைக்காதீங்கம்மா"ன்னு சொல்லியிருந்தாரு, அதனால கீரையையே பாத்துக்கிட்டு ஆய்ஞ்சுக்கிட்டே இருந்தேன். ஒரு காம்ப வாயில கவ்வி இழுத்துட்டு பீரோவுக்கு ஓடுச்சு. கொஞ்ச நேரத்துல மறுபடியும் வந்துச்சு, இன்னொரு காம்பு. மூணாவது தடவ வந்தப்ப ஓடல, என் நைட்டி ஓரத்துல பின்பக்கத்த சாச்சு உக்காந்துக்கிட்டு அங்கயே கீரக்காம்ப கொறிச்சுது.

குட்டி வளக்கறதுல நான் மொதல்ல சொல்ற விஷயம் இதுதான்: நீங்க அதுகிட்ட போகாதீங்க, அது உங்ககிட்ட வரட்டும். வர்றதுக்கும் போறதுக்கும் வழிய தெறந்து வச்சுட்டு பக்கத்துல சும்மா இருங்க. இது எல்லா நாய்க்குட்டிக்கும் பொருந்தும், கடையில வாங்குன லாப்ரடாரா இருந்தாலும் சரி, ராஜபாளையம் சிப்பிப்பாறையா இருந்தாலும் சரி, கார் அடியில கெடைச்ச குட்டியா இருந்தாலும் சரி.

கொல்கத்தாவுல ஐசர்ங்கற அறிவியல் ஆராய்ச்சிக் கல்லூரில தெரு நாய்ங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2017-ல வெளியிட்டிருக்காங்க. முன்னபின்ன தெரியாத ஒரு ஆளு திரும்பத் திரும்ப வந்து சில நாய்க்கு சாப்பாடு குடுக்கறது, சில நாய்க்கு தடவிக் குடுக்கறதுன்னு பாத்ததுல, நம்பிக்கை வளந்தது சாப்பாட்ட விட தடவிக் குடுத்ததுலதானாம். இத படிச்சுட்டு சரி அப்போ குட்டிய புடிச்சு தடவிக்கிட்டே இருக்கலாம்னு நெனச்சுடாதீங்க. அந்த நாய்ங்க ரோட்டுல சுதந்திரமா நின்னதுங்க, புடிக்கலன்னா போயிட்டே இருக்கலாம். நம்ம வீட்டுக் குட்டிக்கும் அந்த வசதிய நாம குடுக்கணும்.

தொடுறப்ப மேல இருந்து தலைக்கு கை கொண்டு போகாதீங்க, அதோட கண்ணுக்கு அது எவ்ளோ பெரிய கை யோசிச்சுப் பாருங்க. உக்காந்துக்கிட்டு பக்கவாட்டுல இருந்து நெஞ்சுப் பக்கமோ கழுத்துக்குப் பக்கத்துலயோ மெதுவா ஒரு மூணு செகண்டு தடவுங்க, கைய எடுத்துடுங்க. இப்போ அது என்ன பண்ணுதுன்னு பாருங்க. முட்டிக்கிட்டு கிட்ட வந்தா இன்னும் வேணும்னு அர்த்தம், தடவுங்க. மூஞ்ச திருப்பிக்கிச்சு, தள்ளி உக்காந்துச்சு, சாப்பாடு எதுவும் இல்லாம உதட்ட நக்குது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுது, கண்ணோட வெள்ளை ஓரமா தெரியுது, வால் காலுக்கு நடுவுல போகுதுன்னா போதும்னு சொல்லுது, விட்டுடுங்க. நீங்க விட்டுட்டீங்கன்னா "ஓ இவங்ககிட்ட சொன்னா கேக்கறாங்க"ன்னு அது மனசுல பதியும். கேக்கலன்னா அடுத்து உறுமும், அதையும் கேக்கலன்னா கடிக்கும். உறுமுச்சுன்னு அடிச்சீங்கன்னா உறுமறத மட்டும் நிறுத்தும், பயம் அப்படியேதான் இருக்கும், அடுத்த தடவ நேரா கடிதான். வால் ஆட்டுறதும் எப்பவும் சந்தோஷம் கிடையாது, ஒடம்பு கட்டையா நின்னு வால் மட்டும் மேல தூக்கி வேகமா ஆடுனா கிட்ட போகாதீங்க.

தூக்கணும்னா ஒரு கை நெஞ்சுக்கு கீழ, இன்னொரு கை பின்பக்கத்துக்கு கீழ. முன்னங்கால் ரெண்ட புடிச்சு தொங்க விட்டு தூக்குற பழக்கம் நம்ம பசங்ககிட்ட ரொம்ப இருக்கு, அத மொத நாளே நிறுத்துங்க. எங்க வீட்டுல பையனுக்கு எட்டு வயசு, அவனுக்கு நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு, நீ தரையில படுத்துக்கிட்டு ஹோம்வொர்க் எழுது, அவளா வந்தா உனக்கு, வரலன்னா இல்ல. நாலு நாள்ல அவன் நோட்டு மேல ஏறி உக்காந்துக்கிட்டா.

எத்தன நாள் குட்டிய எடுத்துட்டு வரணும்னும் சொல்லிடுறேன், ஏன்னா பாதி பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது. எட்டு வாரம் ஆகாம தாய்கிட்ட இருந்து பிரிக்கவே கூடாது. இங்க விக்கிறவங்க நிறைய பேரு முப்பது நாப்பது நாள்லயே "கண்ணு தெறந்துடுச்சு, சோறு சாப்பிடுது, தாராளமா எடுத்துட்டுப் போங்க"ன்னு குடுத்துடுவாங்க. எவ்ளோ பலமா கடிச்சா வலிக்கும், எப்போ விளையாட்ட நிறுத்தணும்ங்கறத எல்லாம் அது கூடப்பொறந்ததுங்க கூட சண்ட போட்டுத்தான் கத்துக்குது. தாய் நாய கண்ணால காட்ட மாட்டேன்னு சொல்ற எடத்துல வாங்கவே வாங்காதீங்க. தெருவுல தனியா தவிக்கிற குட்டின்னா வேற வழி இல்ல, எடுத்துக்க வேண்டியதுதான், கொஞ்சம் பொறுமை கூடுதலா வேணும்.

வந்த ஒண்ணு ரெண்டு நாள்ல டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வேப்பேரில கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, இல்லன்னா உங்க ஏரியாவுல நல்ல வெட் யாருன்னு நாய் வளக்கறவங்ககிட்ட கேளுங்க. மூணு மாசம் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பூச்சி மருந்து, ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு பதினாறு வாரம் வரைக்கும் மூணு நாலு வார இடைவெளில வேக்சின், மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி, இதுதான் பொதுவா, மீதிய டாக்டர் குட்டிய பாத்து சொல்லுவாரு. தெருவுல இருந்து எடுத்த குட்டின்னா இன்னொண்ணு, பல்லோ நகமோ பட்டு தோல் கீறிடுச்சுன்னா குட்டிதானேன்னு விட்டுடாதீங்க. சோப்பு போட்டு ஓடுற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரி போய் ஊசி போட்டுக்கோங்க.

மொத மூணு நாள் வீட்டையே சுத்திக் காட்டாதீங்க. ஒரு மூலை போதும். ஹால்ல, ஆள் நடமாட்டம் தெரியணும், ஆனா யாரும் மிதிச்சுட்டு போகக் கூடாது, அந்த மாதிரி ஒரு எடம். டைல்ஸ் தரையில குட்டிக்கு கால் வழுக்கும், வழுக்கி வழுக்கி நடக்கவே பயப்படும், பழைய ஜமுக்காளமோ கோணியோ போட்டு விடுங்க. அட்டப்பெட்டிய ஒரு பக்கம் வெட்டி கவுத்து வச்சு உள்ள பழைய காட்டன் புடவைய போட்டா அதுவே ஒரு வீடு. சுண்டலுக்கு அம்மாவோட பழைய சுங்கடிப் புடவை, இன்னைக்கும் அந்தக் கந்தல இழுத்துக்கிட்டுதான் தூங்கப் போறா. அந்தப் பெட்டிக்குள்ள அது இருக்கறப்ப யாரும் கைய விட்டு எடுக்கக் கூடாது, தூக்கத்துல இருந்து எழுப்பக் கூடாது, இந்த ஒரு விஷயத்துல மட்டும் வீட்டுல நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு. ரெண்டு மாசக் குட்டி ஒரு நாளைக்கு பதினெட்டு மணி நேரம் வரைக்கும் கூட தூங்கும், ஒடம்பு சரியில்லையோன்னு பயந்து எழுப்பி எழுப்பி பாக்காதீங்க.

ராத்திரி அழும். "அழுதா அழட்டும், கதவ சாத்திடு, ரெண்டு நாள்ல பழகிடும்"னு எங்க சொந்தத்துலயே மூணு பேரு சொன்னாங்க. எனக்கு இதுல ஒத்துப்போகவே முடியல. நேத்து வரைக்கும் தாயோட வயித்துச் சூட்டுல, கூட நாலஞ்சு குட்டிங்களோட படுத்துக் கெடந்த ஒண்ண இருட்டுல தனியா விட்டா அது அழாம என்ன செய்யும். அழுது அழுது அடங்குறது பழகுனதால இல்ல, கூப்புட்டா யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டதால. மொத ஒரு வாரம் அது பெட்டி பக்கத்துலயே பாய் போட்டு படுங்க, அழுதா கைய பெட்டி வாசல்ல வைங்க, மோந்து பாத்துட்டு தூங்கிடும். அப்புறம் தினம் ஒரு அடி ரெண்டு அடியா பாய தள்ளிப் போட்டுக்கிட்டே உங்க ரூமுக்கு போயிடலாம். எனக்கு ஒன்பது நாள் ஆச்சு.

அதே ராத்திரில ஒண்ணுக்கு போறதுக்கும் எழுந்திரிக்கணும். ரெண்டு மாசக் குட்டியால ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்ட்டதும், விளையாடி முடிச்சதும் உடனே கூட்டிட்டு போங்க, போக வேண்டிய எடத்துல போச்சுன்னா அந்த நிமிஷமே நல்ல புள்ளன்னு சொல்லி ஒரு துண்டு சிக்கன் குடுங்க. மாடி வீடுன்னா பால்கனில ஒரு ட்ரேல மண்ணு போட்டு வைக்கலாம். தப்பான எடத்துல போயிடுச்சுன்னா எதுவும் பேசாம தொடைங்க. எங்க மாமா ஒருத்தர் வந்தப்ப சுண்டல் ஹால்ல போயிட்டா, "மூஞ்ச புடிச்சு அதுலயே தேய்ச்சு விடு, அப்பதான் உறைக்கும்"னாரு. நான் விடல. அப்படி தேய்ச்சா அது கத்துக்கறது ஹால்ல போகக் கூடாதுன்னு இல்ல, இவங்க கண்ணுக்கு முன்னாடி போகக் கூடாதுன்னு. அப்புறம் கட்டிலுக்கு அடியில, சோபாவுக்கு பின்னாடின்னு ஒளிஞ்சு ஒளிஞ்சு போகும், வெளிய கூட்டிட்டு போனா உங்க முன்னாடி போகவே போகாது. ஃபினாயில் போட்டு தொடச்சீங்கன்னா தரை நல்லா காயற வரைக்கும் குட்டிய விடாதீங்க, கால்ல ஒட்டுனத நக்கிடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். மொத ஒரு மாசம் பாதி சாப்பாட்ட கையாலயே குடுங்க. உருண்டை புடிச்சு ஊட்டறது இல்ல, உள்ளங்கைய விரிச்சு வச்சா அது வந்து எடுத்துக்கணும். பேர சொல்லுங்க, திரும்பிப் பாத்துச்சுன்னா ஒரு வாய். அவ்ளோதான் பேரு பழக்கறது. அந்தப் பேர திட்றதுக்கு மட்டும் எடுக்காதீங்க, "ஏய் சுண்டல்!"னு கத்திட்டு அப்புறம் "சுண்டல் வாம்மா"ன்னா எப்படி வரும். கூப்புட்டு மாத்திர குடுக்கறது, கூப்புட்டு குளிப்பாட்டறது, இதுவும் வேணாம், அதுக்கெல்லாம் நீங்களே எழுந்து போங்க. கூப்புட்டா நல்லதுதான் நடக்கும்னு அதுக்கு இருக்கணும், ஏன்னா ஒரு நாள் வாசல் கேட் தெறந்து கெடந்து ரோட்டுக்கு ஓடுறப்ப நீங்க கூப்புடுற அந்த ஒரு குரல்தான் அத காப்பாத்தும்.

வேக வச்ச சிக்கன், முட்டை, கேரட், வெள்ளரிக்கா, உப்பு போடாத சாதம் எல்லாம் துண்டு துண்டா குடுக்கலாம். திராட்சை கூடாது, பாயசத்துல போடுற காஞ்ச திராட்சையும் கூடாது, சாக்லேட், வெங்காயம், பூண்டு கூடாது, அப்படிப் பாத்தா நம்ம சாம்பார் சாதமும் பிரியாணி மிச்சமும் கூடாதுதான். வேக வச்ச எலும்பு முள்ளு மாதிரி ஒடஞ்சு குடல குத்தும். மாட்டுப்பால் நிறைய குட்டிக்கு பேதியாகும், எதுத்த வீட்டு அக்கா குடுத்த பாலுக்கு நாங்க மறுநாள் ஃபுல்லா தரை தொடச்சோம்.

இந்த எடத்துல ஒரு பெரிய தப்பு ஊரு பூரா பண்றாங்க. "சாப்பிடறப்ப தட்டுல கைய விடு, பாதில எடு, அப்பதான் பெருசானா உறுமாது"ன்னு. உங்க எலையில இருந்து சாப்பிடறப்ப ஒருத்தர் தெனம் கைய விட்டு எடுத்தா உங்களுக்கு எப்படி இருக்கும்? ரெண்டு நாள் பாப்பீங்க, மூணாவது நாள் எலைய மறைச்சுக்குவீங்க. குட்டியும் அதையேதான் பண்ணும். தலகீழா பண்ணுங்க, அது சாப்ட்டுக்கிட்டு இருக்கறப்ப பக்கத்துல போற வழியில தட்டுல ஒரு துண்டு முட்டைய போட்டுட்டு போயிட்டே இருங்க. பத்து நாள்ல உங்க காலடிச் சத்தம் கேட்டா தட்டுல இருந்து தலைய தூக்கி என்ன கொண்டு வர்றீங்கன்னு பாக்கும். வாயில செருப்ப கவ்விக்கிட்டு ஓடுனாலும் இதேதான், தொரத்தாதீங்க, வேற ஒண்ண காட்டி மாத்திக்கோங்க. தொரத்தித் தொரத்தி வாயில இருந்து புடுங்குனா ஒரு நாள் மாத்திர அட்டைய கவ்வுறப்ப அவசரத்துல முழுங்கிடும்.

கடிக்கிறது பத்தி எல்லாரும் கேக்கறாங்க. கடிக்கும்ங்க, குட்டின்னா கடிக்கத்தான் செய்யும், இருபத்தெட்டு பால் பல்லு, ஒவ்வொண்ணும் ஊசி. மூணரை நாலு மாசத்துல விழ ஆரம்பிச்சு ஆறு ஏழு மாசத்துக்குள்ள பெரிய பல்லு மொளச்சு முடியும், அது வரைக்கும் ஈறு தினவெடுக்கும். பழைய துண்ட முடிச்சு போட்டு தண்ணில நனைச்சு ஃப்ரீசர்ல வச்சு குடுங்க, அத மாதிரி ஒரு சுகம் அதுக்கு வேற இல்ல. கைய கடிச்சா கைய அசைக்காம விளையாட்ட நிறுத்துங்க, எழுந்து ஒரு நிமிஷம் திரும்பி நில்லுங்க. வாய இறுக்கிப் புடிக்கிறது, மூக்குல சுண்டுறது எதுவும் வேணாம், அது அப்புறம் உங்க கைய பாத்தாலே தலைய பின்னுக்கு இழுக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல பேய் புடிச்ச மாதிரி ஓடி ஓடி கடிக்குதுன்னா பெரும்பாலும் தூக்கம் பத்தலன்னு அர்த்தம், கொழந்த தூக்கத்துக்கு அழுமே அந்த மாதிரி. லைட்ட கம்மி பண்ணி பெட்டிக்குள்ள விடுங்க.

"நீதான் பாஸ்னு காட்டணும், மல்லாக்க போட்டு அழுத்திப் புடி"ன்னு யாராவது சொன்னா காதுலயே வாங்காதீங்க. அடைச்சு வச்ச, ஒண்ணுக்கொண்ணு தெரியாத ஓநாய்ங்கள பாத்து 1947 வாக்குல எழுதுன கருத்து அது. காட்டுல ஓநாய்க் கூட்டம்னா அப்பா அம்மா புள்ளைங்கதான், ஒரு குடும்பம், சண்ட போட்டு தலைவன் ஆகுறதெல்லாம் இல்லன்னு ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மீச் 1999-லயே எழுதிட்டாரு. அழுத்திப் புடிச்சா குட்டி அடங்குன மாதிரி தெரியும், அது பயத்துல ஒறைஞ்சு போயிருக்கறது.

வீட்டுல எல்லாரும் ஒரே வார்த்தைய சொல்லுங்க. எங்க வீட்டுல அம்மா "வேணா"ம்பாங்க, எங்க வீட்டுக்காரர் "நோ"ம்பாரு, பையன் "ஸ்டாப் ஸ்டாப்"னு குதிப்பான், பாவம் அவ மூணு பேரையும் மாறி மாறி பாப்பா. ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டோம்: உக்காரு, வா, விடு, வேணாம். தமிழ்லயா இங்கிலீஷ்லயாங்கறது முக்கியமே இல்ல, தெனமும் மாறாம இருக்கணும். சாப்பாட்டு நேரமும் அப்படித்தான். அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்ச வீட்டுல குட்டி நிம்மதியா தூங்கும்.

சென்னைல குட்டி வளக்கறதுன்னா சத்தம் பத்தி தனியா பேசியே ஆகணும். குக்கர் விசில், மிக்ஸி, தண்ணி லாரி, ஆட்டோ ஹாரன், எங்களுக்கு கூடவே ரயில். இதுக்கெல்லாம் மேல சாவு ஊர்வலம், மேளமும் சரவெடியும் சேந்து ஒரு தெருவையே தூக்கிடும். நாய்க்குட்டிக்கு மூணாவது வாரத்துல இருந்து பன்னெண்டு பதினாலாவது வாரம் வரைக்கும் பாக்கறது கேக்கறது எல்லாம் "இது சாதாரணம்தான்"னு மனசுல பதியுற காலம். நம்ம கஷ்டம் என்னன்னா வேக்சின் முடியறதும் அந்த நேரம்தான், குட்டிங்க உசுருக்கே ஆபத்தான பார்வோ வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல உசுரோட இருக்கும், அதனால தரையில விட முடியாது. வீட்டுக்குள்ளயே அடைச்சும் வைக்காதீங்க. தோள்ல சாச்சுக்கிட்டு இல்ல ஒரு துணிப்பையில உக்கார வச்சுக்கிட்டு தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க. டீக்கடை, பூக்காரம்மா, ஹெல்மெட் போட்ட ஆளு, குடை, தள்ளுவண்டி, மாடு எல்லாத்தையும் தூரத்துல இருந்து பாக்கட்டும், பாக்கறப்ப வாயில ஒரு துண்டு சிக்கன். கிட்ட போகணும்னு அவசியம் இல்ல. மத்தவங்க கொஞ்ச வந்தா "இன்னும் ஊசி முடியலங்க, தூரத்துல இருந்து பாருங்க"ன்னு சொல்லிடுங்க, உங்கள தாண்டி யாரும் தன்மேல கை வைக்க முடியாதுன்னு குட்டிக்கும் புரியும்.

வெடிச் சத்தத்துக்கு தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க. மொபைல்ல வெடிச் சத்தத்த காதுக்கு கேட்டும் கேக்காம இருக்கற அளவுக்கு வச்சு, அது கேக்கறப்ப மட்டும் சிக்கன், நிறுத்துனா சிக்கனும் நிறுத்தம். காது லேசா திரும்பிட்டு மறுபடியும் சாப்பாட்டுக்கு வந்துச்சுன்னா சரியான அளவு. சாப்பிடறத நிறுத்திடுச்சுன்னா சவுண்டு ஜாஸ்தி, கொறைங்க. தீபாவளி அன்னைக்கு உள் ரூம்ல ஜன்னல சாத்தி, ஃபேன் டிவி சத்தத்தோட, நீங்களும் கூடவே இருங்க. "பயந்தப்ப கொஞ்சுனா பயம் ஜாஸ்தியாகும்"னு சொல்லுவாங்க, அப்படியெல்லாம் ஆகாது, உங்ககிட்ட ஒட்டிக்கிட்டு உக்காந்தா ஒட்டிக்கட்டும். கட்டிலுக்கு அடியில போனா அங்கயே விடுங்க, இழுக்காதீங்க.

வெயிலும் இதுல சேரும். கத்திரி வெயில்ல தார் ரோட்டுல பொறங்கைய வச்சுப் பாருங்க, அஞ்சு செகண்டு உங்களால வைக்க முடியலன்னா அதால நடக்க முடியாது. காலையில ஆறரைக்குள்ள, ராத்திரி ஏழரைக்கு மேல. உங்ககூட வந்து ஒரு தடவ பாதம் வெந்துடுச்சுன்னா அப்புறம் லீஷ எடுத்தாலே ஒளிஞ்சுக்கும்.

நகம் வெட்டறது, காது பாக்கறது, உண்ணி எடுக்கறது எல்லாத்துக்கும் தேவை வர்றதுக்கு முன்னாடியே பழக்குங்க. தினம் ஒரு கால், ஒரு செகண்டு புடிச்சுட்டு விடுங்க, சாப்பிட ஏதாவது குடுங்க. நகவெட்டிய சும்மா பக்கத்துல வைங்க, மோந்து பாக்கட்டும். ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு நகம். நாங்க பத்து நகத்துக்கு மேல ஒரே நாள்ல வெட்டுனதே இல்ல. வெட் கிளினிக்குக்கும் ஊசி இல்லாத நாள்ல ஒருக்கா போய் எடை மட்டும் பாத்துட்டு பிஸ்கட் வாங்கிட்டு வந்துடுங்க. ரேபிஸ் ஊசி போட்டதும் கார்ப்பரேஷன் லைசன்ஸும், தோலுக்கு அடியில வைக்கிற அடையாள மைக்ரோசிப்பும் முடிச்சுடுங்க, தொலைஞ்சு போனா உங்ககிட்ட திரும்பி வர அதுதான் வழி.

கண்ண பாக்கறது பத்தி ஒண்ணு. ஆரம்பத்துல குட்டிய உத்துப் பாக்காதீங்க, நாய் பாஷைல அது மெரட்டல். பழகப் பழக அதுவே நிமிந்து உங்க கண்ண பாக்கும், சும்மா, எதுவும் கேக்காம. 2015-ல ஜப்பான்காரங்க ஆராய்ச்சில நாயும் வளக்கறவங்களும் இப்படி ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறப்ப ரெண்டு பேருக்கும் ஆக்ஸிடோசின் கூடுதுன்னு கண்டுபிடிச்சாங்க, தாய்க்கும் கொழந்தைக்கும் நடுவுல வேல செய்யற அதே ஹார்மோன். சுண்டல் அப்படி பாத்தது வந்து அஞ்சாவது வாரம், நான் மாவு அரைக்க கிரைண்டர் போட்டப்ப. மொதல் வாரத்துல அந்த சத்தத்துக்கு பால்கனிக்கு ஓடுனவ, அன்னைக்கு காதுகள மட்டும் பின்னுக்கு மடிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னா. "ஒண்ணுமில்லடா, மாவு"ன்னேன். அங்கயே படுத்துட்டா.

நாலஞ்சு மாசம் போச்சுன்னா இன்னொரு கட்டம் வரும், ஆறு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் கத்துக்கிட்டது எல்லாம் மறந்த மாதிரி நடக்கும், கூப்புட்டா திரும்பிப் பாத்துட்டு எதிர்ப்பக்கம் போகும், திடீர்னு தெனம் பாக்கற குப்பைத்தொட்டிய பாத்து குரைக்கும். வயசுக் கோளாறு, மொதல்ல இருந்து ஆரம்பிங்க, சிக்கன் துண்ட மறுபடியும் பாக்கெட்ல வச்சுக்கோங்க. நாய்ங்கள தத்து குடுக்கற எடங்கள்ல, 1959-ல ஆரம்பிச்ச, இப்போ கிண்டில இருக்கிற ப்ளூ கிராஸ் மாதிரி எடங்கள்லயும் சேத்து, வளர்ந்த நாய்ங்க எவ்வளவோ காத்துக் கெடக்குது, அதுல பல நாய்ங்கள விட்டுட்டுப் போறது இந்த வயசுலதான்னு நினைச்சா எனக்கு மனசே ஆறாது. இன்னும் நாலு மாசம் பொறுத்திருக்கலாம்.

கடைசியா தனியா விட்டுட்டு போறது. வேலைக்கு போறவங்க இத மொத வாரத்துலயே ஆரம்பிக்கணும், லீவு போட்டு பத்து நாள் மடியிலயே வச்சிருந்துட்டு பதினோராவது நாள் ஒன்பது மணி நேரம் பூட்டிட்டு போனா அது தாங்காது. குப்பை போட கீழ எறங்கறப்ப கதவ சாத்திட்டு போங்க, ரெண்டு நிமிஷம். அடுத்த நாள் பால் வாங்க, அஞ்சு நிமிஷம். அப்புறம் தெருமுனை காய்கறிக் கடை. நாம யாருகிட்டயும் "போறேன்"னு சொல்றதில்ல, "போயிட்டு வரேன்"னுதான் சொல்லுவோம், அதையே அதுகிட்டயும் சொல்லுங்க, தெனமும் அதே மாதிரி, கொஞ்சாம, கண் கலங்காம, சாதாரணமா. சொல்லிட்டு சாவியையும் செருப்பையும் எடுத்துக்கிட்டு கெளம்புங்க, சொல்லாம நைசா நழுவிப் போனா அப்புறம் நீங்க பாத்ரூம் போனாலும் பின்னாடியே வரும். வந்தப்புறம் அது குதிச்சு அடங்கற வரைக்கும் நின்னுட்டு அப்புறம் உக்காந்து தடவுங்க. எங்களுக்கு ரெண்டு நிமிஷத்துல இருந்து நாலு மணி நேரம் வர ஏழு வாரம் ஆச்சு, நடுவுல ஒரு நாள் அழுதா, அடுத்த நாள் நேரத்த பாதியா கொறைச்சு மறுபடியும் ஏத்துனோம். இப்போ "போயிட்டு வரேன்டா"ன்னா வாசல் வரைக்கும் வர்றா, கதவு சாத்தறதுக்கு முன்னாடியே திரும்பி அந்த சுங்கடிப் புடவைய இழுத்துக்கிட்டு படுத்துடுறா.